நீங்கள் அடுப்படியில் இருங்கள், அவர் போன் பேசட்டும்

கேள்வி: ஏற்காட்டைத் தாண்டி ஒரு சிறு கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரருக்கு வயது 36. போன மாசியில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு ஏறியவர் தவறி விழுந்துவிட்டார். கழுத்துத் தண்டுவடத்தில் அடி. சேலத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ரிப்போர்ட்டில் சி4 என்று இருக்கிறது. தலையை இரண்டு பக்கமும் திருப்புகிறார், தோளைத் தூக்குகிறார், கை காலில் அசைவு இல்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது, சாயங்காலம் ஆனால் குரல் இறங்கிவிடுகிறது. போன் வந்தால் நான்தான் காதில் வைத்துப் பிடிக்கிறேன். அண்ணனிடம் கடன் விஷயம் பேசினாலும் கூட்டாளியிடம் பேசினாலும் நான் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் போன் அடித்தாலே “அப்புறம் பேசறேன்னு சொல்லு” என்கிறார். தலையை ஆட்டியே போனை இயக்கும் வீடியோ ஒன்றைத் தம்பி காட்டினான். டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு எண்பதாயிரம் ரூபாய் போன் வேண்டும் என்றார்கள். உண்மையா அக்கா? மலையில் இருக்கிற எங்களுக்கு இது ஒத்து வருமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

எண்பதாயிரம் ரூபாய் போனை வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற போனை எடுத்து, செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ என்ற இடத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் அந்தப் போனிலேயே தொடங்கலாம். முன்பக்கக் கேமரா வழியாக முகச் சைகையைப் புரிந்துகொள்ளும் வசதி 2021-ல் அந்தப் பதிப்போடு வந்தது. மூன்று நான்கு வருடத்துக்குள் வாங்கிய சாதாரண போன் என்றால் பெரும்பாலும் இருக்கும். தலையில் எதையும் மாட்ட வேண்டியதில்லை, போனின் கேமராவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

“அப்புறம் பேசறேன்னு சொல்லு” என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். சேலத்தில் 22 வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாடக் காரியங்களைத் தாமே செய்யப் பழக்குகிறவளாக, இருக்கிறேன். தண்டுவடத்தில் அடிபட்டு வீடு திரும்பியவர்கள் பலர் ஆறேழு மாதத்தில் இப்படிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பேசப் பிடிக்காமல் போவதில்லை. சொல்லும் ஒவ்வொரு சொல்லும் இன்னொருவர் காதில் விழுந்துதான் ஆக வேண்டும் என்றால் யாருமே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அதனால் நாம் குறி வைப்பது ஒரே காரியத்துக்குத்தான். நீங்கள் அறையில் இல்லாதபோது அவரே போனை எடுக்க வேண்டும், பேச வேண்டும், வைக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு தானாக வரும்.

அவரிடம் மிச்சமிருப்பது குறைவில்லை. தலையைத் திருப்புகிற தசைக்கும் தோளைத் தூக்குகிற தசைக்கும் போகும் பிரதான நரம்பு மண்டையோட்டு நரம்புகளில் பதினோராவது. கழுத்தின் நடுவில், அதாவது ரிப்போர்ட்டில் உள்ள சி4 மட்டத்தில், பட்ட அடி அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். முகத்துக்கான நரம்பு அதற்கும் மேலே மூளைத்தண்டிலிருந்து வருவது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. புருவம், கன்னம், உதடு எல்லாம் முழுக்க அவர் வசம் இருக்கின்றன. சாயங்காலம் குரல் இறங்குவதற்கும் காரணம் உண்டு. விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசைகள் வேலை செய்யாததால் உதரவிதானம் ஒன்றே மூச்சு இழுக்கும் பாரத்தைச் சுமக்கிறது, பொழுது சாய்வதற்குள் அது களைத்துவிடுகிறது. குரலால் போனை இயக்கும் வசதி இருந்தும் தலையை முதலில் சொல்வதற்கு இது ஒரு காரணம். கூகுளின் வாய்ஸ் ஆக்சஸ் ஆப்புக்குத் தமிழில் கட்டளை சொல்ல முடியாது என்பது இன்னொன்று.

தொடங்கும் முன் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: “பிளேட் நன்றாகப் பிடித்துக்கொண்டதா, தினமும் கழுத்தைத் திருப்பிப் பழகலாமா, எவ்வளவு தூரம் திருப்பலாம்?” எட்டு மாதம் ஆகிவிட்டது என்பதால் பெரும்பாலும் சரி என்பார்கள். அந்தச் சொல் வரும்வரை காத்திருங்கள்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் திரையில் ஓர் அம்புக்குறி தெரியும், முகம் போகிற பக்கம் அதுவும் போகும். மூக்கு நுனியில் பென்சில் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லித்தருவேன், உடனே பிடிபட்டுவிடும். அம்புக்குறி ஓரிடத்தில் ஒரு வினாடி அசையாமல் நின்றால் அங்கே விரலால் தொட்டதாகக் கணக்கு. ஈவா ஃபேசியல் மவுஸ் என்ற இலவச ஆப் இந்த வகை. இன்னொன்றில் அம்புக்குறி கிடையாது. திரையிலுள்ள பட்டன்களைச் சுற்றி ஒரு கட்டம் தானாகவோ ஒரு சைகைக்கோ வரிசையாக நகர்ந்துகொண்டே போகும், வேண்டிய பட்டனுக்கு வந்ததும் ஒரு சைகை காட்டினால் அது அழுந்தும். ஆண்ட்ராய்டிலேயே இருக்கிற ஸ்விட்ச் ஆக்சஸ் இந்த வகை. செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டிக்குள் தேடுங்கள், இல்லையென்றால் பிளே ஸ்டோரில் கூகுளின் ஸ்விட்ச் ஆக்சஸ் என்று போட்டுத் தேடுங்கள். புருவம் உயர்த்துவது, சிரிப்பது, வாய் திறப்பது, இடமோ வலமோ மேலேயோ பார்ப்பது என ஆறு சைகைகளை அது அறியும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாவதில் தொடங்குவேன். வேகம் குறைவுதான், ஆனால் பிளேட் வைத்த கழுத்துக்கு வேலை மிகக் குறைவு. வலது பக்கம் பார்த்தால் அடுத்த பட்டன், புருவம் உயர்த்தினால் தேர்வு என்று வையுங்கள். வாய் திறப்பதையும் சிரிப்பதையும் தொடவே வேண்டாம். போனில் பேசும்போது வாய் திறக்கும், கூட்டாளி ஏதாவது சொன்னால் சிரிப்பு வரும், அந்த நேரத்தில் எதையாவது அழுத்திப் பேச்சு அறுந்துபோனால் மனசு விட்டுப்போகும். இரண்டு மூன்று வாரத்தில் இது கைவந்த பிறகு அம்புக்குறிக்கு மாறலாம்.

ஆப் ஏற்றுவது பத்து நிமிட வேலை. எல்லோரும் சறுக்குகிற இடம் போனை எங்கே நிறுத்துவது என்பதுதான், அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கட்டில் சட்டத்தில் கவ்விக்கொள்கிற, பாம்பு மாதிரி வளைகிற கழுத்துள்ள மொபைல் ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள். மெல்லிய கம்பி வேண்டாம், அது போனின் கனத்துக்கு ஆடும். போன் ஆடினால் தலை ஆடியதாகக் கேமரா நினைத்துக்கொள்ளும். அவரை அரை உட்கார்வாகச் சாய்த்து, முதுகுக்கும் தலைக்கும் பக்கவாட்டிலும் தலையணை கொடுங்கள். தலைக்குப் பின்னால் மட்டும் ரொம்ப மெத்தென்று இருக்கக் கூடாது, புதைந்த தலை திரும்பாது. போன் கண் மட்டத்தில், முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் நேராக இருக்கட்டும். படுத்த நிலையில் முகத்துக்கு நேர் மேலே ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். கவ்வி நழுவி விழுந்தால் அவரால் கையை வைத்துத் தடுக்க முடியாது.

அடுத்தது வெளிச்சம். மலை வீடுகளில் கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருப்பார்கள், வேடிக்கை பார்க்கட்டும் என்று. ஜன்னல் தலைக்குப் பின்னால் இருந்தால் கேமராவுக்கு முகம் கறுப்பாகத்தான் தெரியும். கட்டிலைத் திருப்பிப் போட்டு வெளிச்சம் முகத்தில் விழும்படி செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பகல் பன்னிரண்டு மணிக்கே பனி மூட்டம் இறங்கி அறை இருண்டுவிடுமே, அதற்குப் போனுக்குப் பின்பக்கமாக ஒரு சிறிய எல்இடி விளக்கு போதும். கண்ணில் குத்தாதபடி சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். இன்னொன்று, குளிருக்கு மங்கி குல்லா போடுவீர்கள் அல்லவா? நெற்றியும் புருவமும் மறைந்தால் புருவச் சைகை வேலை செய்யாது. குல்லாவை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, மப்ளரைத் தாடைக்குக் கீழே சுற்றுங்கள். போன மார்கழியில் மேலேயுள்ள ஒரு வீட்டிலிருந்து “ஆப் கெட்டுப்போச்சு” என்று அழைத்தார்கள். வீடியோ காலில் பார்த்தால் குல்லா புருவத்தை மூடியிருந்தது. அதைத் தூக்கிவிட்டதும் சரியாகிவிட்டது.

கேமரா ஓடிக்கொண்டே இருப்பதால் பேட்டரி வேகமாக இறங்கும், போன் சுடும். கவரைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மாட்டியே வையுங்கள். ஒயர் அவர் உடம்பின் மேல் கிடக்கக் கூடாது. உணர்ச்சி இல்லாத தோலில் சூடோ அழுத்தமோ பட்டால் அவருக்குத் தெரியாது, புண்ணாகிவிடும். சைகையைப் புரிந்துகொள்வது போனுக்குள்ளேயே நடப்பதால் சிக்னல் இல்லாத நேரத்திலும் போன் தலைக்குக் கட்டுப்படும். பேசுவதற்குத்தான் டவர் வேண்டும்.

முதல் நாள் எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இதில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு ஒரு பையனுக்கு முதல் நாளே முக்கால் மணி நேரம் பழக்கினேன். அவன் ஆர்வமாகக் கேட்டான், நானும் மகிழ்ச்சியில் விட்டுவிட்டேன். மூன்று நாள் கழுத்து வலியில் தலையைத் திருப்பாமல் கிடந்தான், திரும்பத் தொடங்க இரண்டு வாரம் ஆயிற்று. அவனிடம் நல்லபடியாக அசைந்துகொண்டிருந்தது அந்தக் கழுத்து ஒன்றுதான், அதையும் நான் நோகவைத்தேன். அதிலிருந்து காலையில் பத்து நிமிடம், மதியம் பத்து நிமிடம், வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுவது என்று வைத்திருக்கிறேன். பெரிதாகத் தலையை ஆட்ட வேண்டிவந்தால் சைகையின் அளவைக் குறைத்து வையுங்கள். செட்டிங்ஸிலேயே அதற்கு இடம் இருக்கிறது. சின்ன அசைவுக்கே போன் கேட்க வேண்டும்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு இளைஞர், லாரி விபத்தில் கழுத்தில் அடி. அவருக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்து, “முதலில் யாருக்குப் போன் போடப் போகிறீர்கள்?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கேலரியைத் திறந்தார். கட்டம் ஒவ்வொரு படமாக நகர நகரப் பொறுமையாகக் காத்திருந்தார். நெற்றியில் வியர்வை, அம்மா துடைக்க வந்தார்கள், கை கேமராவை மறைத்ததும் கட்டம் நின்றுவிட்டது. “அம்மா, கொஞ்சம் இரு” என்றார். ஆஸ்பத்திரியில் அவர் மூக்கில் குழாயோடு கிடந்தபோது உறவுக்காரர் யாரோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம் ஒன்று வந்தது. அதில் கட்டத்தை நிறுத்திப் புருவத்தை உயர்த்தினார். நீக்கவா என்று போன் கேட்டது. இன்னொரு முறை உயர்த்தினார். பதினோரு நிமிடம் ஆயிற்று. ஏழு மாதமாக அந்தப் படம் அவர் போனிலேயே இருந்திருக்கிறது, அழித்துக்கொடு என்று யாரிடமும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அதனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். கடன் விஷயமாக அண்ணனுக்குப் போனாக இருக்கலாம், நீங்களோ நானோ நினைக்காத ஒன்றாகவும் இருக்கலாம்.

பேச்சு அவர் காதுக்கு மட்டும் கேட்க ஒரு புளூடூத் இயர்போன் வேண்டும். ஸ்பீக்கரில் போட்டால் பழைய கதைதான், வீடு முழுக்கக் கேட்கும். காலையில் முகம் துடைத்துவிடும்போதே ஒரு காதில் மாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பீர்களோ அந்தக் காதில் வேண்டாம். சில போன்களில் புளூடூத் இணைந்திருந்தால் அழைப்பைத் தானாகவே எடுக்கும் வசதி இருக்கிறது. அதை அவரைக் கேட்காமல் போடாதீர்கள், எடுக்காமல் விடுவதும் அவர் உரிமை. எழுதுவதற்கு கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் மைக் படத்தைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதிவிடும். 2017-லிருந்து இருக்கிற வசதிதான். காலையில் குரல் நன்றாக இருக்கும்போது அதைப் பழகட்டும்.

ஐபோன் பற்றிக் கேட்டு யாராவது குழப்பினால்: அதில் தலையைத் திருப்பி இயக்கும் வசதி 2013 முதலே உண்டு, 2024-ல் கண் பார்வையால் இயக்குவதும் வந்தது. நல்ல வசதிகள்தான். உறவில் யாராவது பழைய ஐபோன் கொடுத்தால் பயன்படுத்தலாம், கடன் வாங்கி வாங்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஆக்சசிபிலிட்டி அனுமதி கொடுத்த ஆப், திரையில் உள்ளதையெல்லாம் பார்க்க முடியும். பிளே ஸ்டோரில் இருப்பதைத் தவிர, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய லிங்கில் இருந்து எதையும் ஏற்றாதீர்கள். இதே காரணத்தால் சில வங்கி ஆப்கள் இந்த வசதி ஓடும்போது திறக்க மறுக்கும், அது உங்கள் தவறில்லை. சின்னச் செலவுக்கு யுபிஐ லைட் வைத்துக்கொடுங்கள். ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை பின் நம்பர் போடாமலே அனுப்பலாம், அதில் 5000 ரூபாய்க்கு மேல் வைக்கவும் முடியாது. பிள்ளைக்கு மிட்டாய் வாங்க அவரே காசு அனுப்பட்டும். போன் அணைந்து மறுபடி எழுந்தால் முதல் பூட்டை நீங்கள் திறந்துகொடுக்க வேண்டியிருக்கும்.

இது அதைவிட முக்கியம். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டிக்கொண்டாலோ, உடுப்பு இறுக்கினாலோ திடீரென்று ரத்த அழுத்தம் ஏறும். மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவப்பது, முகத்திலும் கழுத்திலும் வியர்வை. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, உடுப்பைத் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் அவர் கட்டம் நகர்ந்து வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒயர் இல்லாத காலிங் பெல்லின் பட்டனைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தலையணையில் தைத்துவிடுங்கள். தலையைச் சாய்த்தால் அடுப்படியில் மணி அடிக்க வேண்டும். போன் எவ்வளவு நன்றாகப் பழகினாலும் அந்த மணி அங்கேயே இருக்கட்டும்.

பயிற்சிக்காக அவரை 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவர வேண்டாம். நீண்ட நேரம் உட்கார்ந்து வந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், இருக்கை அழுத்திப் புண்ணும் வரும். நீங்களும் தம்பியும் போனை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒரு மணி நேரத்தில் சொல்லித்தந்துவிடுவேன். மீதி வீடியோ காலில். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார், கழுத்துப் பயிற்சியையும் அவர் பார்த்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் சேலம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தண்டுவடப் பாதிப்புக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேயே எழுதிக்கொடுக்கலாம்.

தலையால் இயக்கும் போன் பிறந்த கதை ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். இஸ்ரேலில் ஓடெட் பென்-டோவ் என்பவர் தலையசைவால் ஆடும் விளையாட்டைத் தொலைக்காட்சியில் காட்டினார். அதைப் பார்த்து அவரைத் தேடிப் பிடித்தவர் கியோரா லிவ்னே, கடற்படையில் இருந்தவர், கை கால் அசையாதவர். இந்த வித்தையைப் போனுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார், இருவரும் சேர்ந்து அந்த வேலையில் இறங்கினார்கள். வேண்டும் என்று கேட்டது கை கால் அசையாத அவர்தான். நம் ஊர்ப் பக்கமே ஒருவர் உண்டு. தென்காசி ஆய்க்குடியின் ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர், 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அப்போது இந்தப் போன் எதுவும் கிடையாது. சோர்ந்திருக்கும் நேரத்தில் உபதேசமாகச் சொல்லாதீர்கள், பேச்சுவாக்கில் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களுக்கு. அவர் தடுமாறும்போது “குடுங்க, நான் போட்டுத் தரேன்” என்று உங்கள் கை தன்னால் போகும். எட்டு மாதமாக எல்லாம் செய்த கை அது. அதை அடக்குவதுதான் இந்தப் பயிற்சியில் உங்கள் பங்கு, அவர் பங்கைவிடக் கஷ்டமானது. நான் பார்த்த வீடுகளில் பாதி இங்கேதான் தோற்றது. அவர் கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

முதல் நாள் இப்படிச் செய்யுங்கள். போனில் உங்கள் நம்பரை உங்கள் படத்தோடு முதல் வரிசையில் வைத்துவிட்டு, உங்கள் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், பெல் மட்டும் கேட்கட்டும். ஐந்து நிமிடம் ஆகலாம், பத்து நிமிடம் ஆகலாம். எட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் போன் அடித்ததும் எடுத்து, வெளியூரில் இருப்பவரிடம் பேசுவது போல, என்ன விஷயம் என்று கேளுங்கள்.